பழைய பிளேட்டைப் படித்துவிட்டு எறியுங்கள்

பட்டறைப் பக்கம் – 11

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற சாலையில் அஸ்தம்பட்டி, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, கோரிமேடு எல்லாம் கடந்தால் கொண்டப்பநாயக்கன்பட்டி. அதற்கப்பால் அடிவாரம். அங்கே தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கு வருகிற பழைய வண்டிகளில் கிளட்ச் வேலை அதிகமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. சமவெளியில் மட்டும் ஓடுகிற வண்டி, தேய்ந்த கிளட்சோடு பல மாதம் தள்ளிவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. மலையில் அந்தச் சலுகை கிடையாது. பின்னால் ஒரு ஆள், முன்னால் ஒரு மூட்டை என்று நான்கு வளைவு ஏறினாலே கிளட்சின் நிலைமை வெளியே வந்துவிடும்.

எப்படி வெளியே வரும்? ஆக்சிலேட்டரை முறுக்குவீர்கள். இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இன்னும் முறுக்கினால் இன்ஜின் அலறும், வண்டி அதே இடத்தில் முனகிக்கொண்டு நகரும். கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை வரும். பெட்ரோல் முன்னைவிட அதிகமாகக் குடிக்கும். பழைய ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் இன்னொரு அடையாளமும் உண்டு. அவற்றை நியூட்ரலில் போட்டுத்தான் கிக்கர் உதைக்க வேண்டும். உதைக்கிற விசை கியர் பாக்ஸ் வழியாக, கிளட்ச் பிளேட் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. பிளேட் ரொம்பவும் தேய்ந்திருந்தால் கிக்கர் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். கிக்கர் பல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் போயிருப்பது கிளட்ச்.

இந்த வாரம் ஸ்பிளெண்டரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்ப் பக்கம் அதிகம் பார்க்கிற பழைய வண்டி அதுதான். 1984-இல் ஹீரோவும் ஹோண்டாவும் கைகோத்தன. 1985-இல் சிடி 100 வந்தது. 1994-இல் அதே 97.2 சிசி இன்ஜினோடு ஸ்பிளெண்டர் வந்தது. இரண்டு நிறுவனங்களும் பிரிவதென்று 2010 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆகவே டேங்கில் இரண்டு பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிற எந்த வண்டிக்கும் இன்று வயது பத்தைத் தாண்டியிருக்கும். அலுவலகத்துக்குப் போய்வருவதற்காகப் படைத்த வண்டி அது. அதில்தான் இங்கே பால் கேன் ஏறுகிறது, பலாப்பழம் இறங்குகிறது, கணவன் மனைவி இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே கோயிலுக்குப் போய் வருகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து நிற்கிறது என்றால் அந்த வண்டி மேல் எனக்கு மரியாதைதான்.

வலது பக்க மூடிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். வெளியே வட்டமான ஒரு கூடை, கிளட்ச் ஹவுசிங். அது இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். உள்ளே கியர் பாக்ஸ் ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கும் சென்டர். இரண்டுக்கும் நடுவில் பிளேட்டுகள் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஓரத்தில் காது வைத்த உராய்வு பிளேட் ஹவுசிங்கோடு சுற்றும். உள்பக்கம் பல் வைத்த ஸ்டீல் பிளேட் சென்டரோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் லிவரைப் பிடித்தால் ஸ்பிரிங் அமுங்கி, பிளேட்டுகள் ஒன்றையொன்று விட்டுவிடும். விட்டால் பிடித்துக்கொள்ளும். இவை அத்தனையும் ஆயிலில் நனைந்தபடியே நடக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஸ்பிளெண்டரின் உராய்வு பிளேட் புதிதில் ஏறக்குறைய 3 மி.மீ. தடிப்பு. 2.6 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். ஒரு பிளேட்டில் 0.4 மி.மீ. என்பது கண்ணுக்கே தெரியாத தேய்மானம். நான்கு பிளேட்டையும் சேர்த்தால் 1.6 மி.மீ. அடுக்கு அந்த அளவுக்கு மெலிகிறது, ஸ்பிரிங் அந்த அளவுக்கு நீள்கிறது. நீண்ட ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் வழுக்கும். வழுக்கினால் சூடாகும். சூடானால் இன்னும் வேகமாகத் தேயும். கிளட்ச் மெதுவாகத்தான் கெடத் தொடங்கும், கடைசிப் பகுதியில் மட்டும் மளமளவென்று போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. அடுக்கு மெலிய மெலிய லிவரில் இருக்கிற தளர்ச்சியும் குறைந்துகொண்டே வரும். பட்டறையில் ‘ப்ளே’ என்று சொல்வார்களே, அது. லிவரின் முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். மாதக்கணக்கில் கேபிளைத் தொடாமல் விட்டால் இந்த ப்ளே பூஜ்யமாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் லிவரைத் தொடாவிட்டாலும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். வண்டி நாள் முழுக்க ஹாஃப் கிளட்சில் ஓடுகிறது என்று அர்த்தம். கால் திருகு திருகி ப்ளே வைத்திருந்தால் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய பிளேட், இப்படித்தான் அநியாயமாகக் கருகிப் போகிறது. ஆகவே வழுக்குகிறது என்றதும் மூடியைக் கழற்ற ஓடாதீர்கள். முதலில் கேபிளைத் தளர்த்திப் பாருங்கள். அதிலேயே சரியாகிவிடுகிற வண்டிகளும் உண்டு.

சரியாகவில்லை என்றால் திறக்க வேண்டியதுதான்.

ஆயிலை வடிக்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட், கிக்கர், கிளட்ச் கேபிள் ஆகியவற்றைக் கழற்றி, பிரேக் பெடலை வழியிலிருந்து ஒதுக்க வேண்டும். பிறகு மூடியின் போல்ட்டுகள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைப்பது நல்ல பழக்கம். நீளமான போல்ட்டைக் குட்டையான ஓட்டையில் போட்டு முறுக்கினால் அலுமினியம் பிளந்துகொள்ளும். அதைச் சரிசெய்கிற செலவோடு பார்த்தால் கிளட்ச் பிளேட் விலை ஒன்றுமே இல்லை.

மூடி வந்ததும் எல்லாருடைய கண்ணும் கிளட்சுக்குத்தான் போகும். என் கண் முதலில் போவது அதற்குப் பக்கத்தில் கிராங்க் முனையில் இருக்கிற வட்ட டப்பாவுக்கு. அது சுழல் வேகத்தில் ஆயிலின் அழுக்கை ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்து வைக்கிற வடிகட்டி. அதன் மூடியைத் திறந்தால், வழுக்கி ஓடிய வண்டியில் சாம்பல் கலந்த கருப்புக் களிம்பு உள்சுவர் முழுக்க அப்பியிருக்கும். விரலால் வழித்தால் நெய்யெடுத்த கசண்டு போலத் திரண்டு வரும். அதில் பெரும்பங்கு கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிர்ந்தது. அதைத் துடைக்காமல் புது பிளேட் போட்டு மூடுவது எனக்குப் புரியாத வேலை. கீழே ஆயில் உறிஞ்சுகிற இடத்தில் ஒரு சின்ன வலையும் இருக்கிறது. உருவி எடுத்துப் பெட்ரோலில் அலசிப் போடுங்கள். போன தடவை மூடியை ஒட்டியவர் அனபாண்ட் பசையைத் தாராளமாகத் தடவியிருந்தால், அதன் துணுக்குகள் இந்த வலையில்தான் வந்து சிக்கியிருக்கும். வலை அடைத்தால் ஆயில் மேலே ஏறாது, ஹெட் காய்ந்து போகும்.

இனி கிளட்ச். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் முழுசாக விட்டால் மற்றவற்றின் மேல் பாரம் சாய்ந்து, அவை முறுக்கியிருக்கிற தூண் உடைந்துவிடும். நடுவில் சில வண்டிகளுக்கு நான்கு பல் சாக்கெட் கேட்கிற நட்டு, சில வண்டிகளுக்கு சர்க்ளிப். நட்டைத் திருகும்போது எல்லாம் சேர்ந்து சுற்றாமல் இருக்க இரண்டு கியருக்கு நடுவில் ஒரு செப்புக் காசையோ அலுமினியத் துண்டையோ சொருகுவார்கள். இரும்பைச் சொருகக் கூடாது, பல் நறுங்கும். உளியையும் சுத்தியலையும் வைத்து நட்டைத் தட்டிக் கழற்றுகிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். சரியான சாக்கெட் வாங்கி வைக்காதவர், தான் முடுக்கிய நட்டு எந்த இறுக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அடிவாரப் பட்டறை ஒன்றில் இந்தக் கட்டத்தில் நடந்த பேச்சு எனக்குப் பிடித்தமானது. வண்டிக்காரர் அவசரத்தில் இருந்தார்.

“அண்ணா, பிளேட்ட மட்டும் மாத்திக் குடுத்துருங்க. சாயங்காலம் மேல போகோணும்.”

“மாத்தறது பெரிய வேலை இல்லீங்க. இது ஏன் போச்சுன்னு பாக்க வேண்டாமுங்களா? பாக்காம மாத்துனா தீவாளிக்குள்ள மறுபடி இங்கதான் வருவீங்க.”

மெக்கானிக் பழைய பிளேட்டுகளைத் துணியில் துடைத்து, வந்த வரிசை மாறாமல் ஒரு செய்தித்தாளின் மேல் பரப்பினார். நான் இந்த வாரம் சொல்ல நினைத்தது முழுவதும் அந்தச் செய்தித்தாளின் மேல் இருந்தது.

உராய்வு பிளேட்டின் கட்டைகளைப் பாருங்கள். எல்லா பிளேட்டும் ஒரே சீராக மெலிந்து, மேற்பரப்பு மங்கலாக, விரலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாகப் படுகிறதா? அது உழைத்துத் தேய்ந்த பிளேட். ஓட்டியவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. புதிதாகப் போடுங்கள், போதும். தடிப்பு நிறைய இருக்கிறது, ஆனால் முகம் வழவழவென்று பளபளக்கிறது, கருகிய வாடை அடிக்கிறது என்றால் கதை வேறு. அந்த பிளேட் தேயவில்லை, வெந்திருக்கிறது. சூட்டில் முகம் இறுகி உராய்வு போய்விட்டது. இதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். இழுத்துப் பிடித்த கேபிள், ஹாஃப் கிளட்சிலேயே ஓட்டுகிற கை, அல்லது தப்பான ஆயில். மூன்றில் எது என்று கண்டுபிடிக்காமல் புது பிளேட் போட்டால் அதுவும் வேகும். சிலர் எமரி தாள் போட்டுத் தேய்த்து அதையே மாட்டுவார்கள். கொஞ்ச நாளைக்குப் பிடிக்கும். மலை ஏறுகிற வண்டிக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கட்டைகள் துண்டுதுண்டாக உதிர்ந்து தகடு தெரிகிறது என்றால் அது மட்டமான மாற்று பிளேட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கட்டையை ஒட்டிய பசை சூடான ஆயிலைத் தாங்கவில்லை. உராய்வுப் பொருளுக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் கார்க் துண்டுகளைத் தகட்டில் பதித்திருந்தார்கள். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பது தெரிந்த பிறகு வேறு நார்களுக்கு மாறினார்கள். எந்தப் பொருளால் செய்தது என்று தெரியாத பழைய பிளேட்டைக் காய வைத்து, வாயால் ஊதியோ கம்ப்ரசர் காற்றடித்தோ சுத்தம் செய்யாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும். பட்டறைப் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

அடுத்து ஸ்டீல் பிளேட். இவை தேய்வதில்லை என்று நினைத்துக்கொண்டு பழையதையே மாட்டிவிடுவார்கள். தேய்வதில்லைதான், ஆனால் கோணும். ஊதா நிறத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் பிளேட்டை வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.2 மி.மீ. தகடு உள்ளே போனால் அந்த ஸ்டீல் பிளேட்டை எடுத்துவிட வேண்டியதுதான். கோணிய ஸ்டீல் பிளேட்டோடு புது உராய்வு பிளேட்டைச் சேர்த்தால், லிவரைப் பிடித்தாலும் அடுக்கு முழுசாக விடாது. வண்டி முன்னால் ஊர்ந்துகொண்டே இருக்கும், நியூட்ரல் விழாது.

கடைசியாக உராய்வு பிளேட்டின் காதுகள். அவை நசுங்கியிருந்தால் உடனே ஹவுசிங்கின் விரல்களைத் தடவிப் பாருங்கள். காதுகள் இடித்து இடித்து அங்கே படிக்கட்டு போலப் பள்ளம் விழுந்திருக்கும். லிவரைப் பிடிக்கும்போது பிளேட் இந்தப் பள்ளத்தில் சிக்கித் தயங்கும், விடும்போது குதிக்கும். கிளம்பும்போது வண்டி உதறுகிறது என்று சொல்வார்களே, அதன் வேர் பெரும்பாலும் இங்கே இருக்கிறது. லேசான பள்ளத்தை நைஸ் அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். அரத்தால் இழைத்துக்கொண்டே போனால் இடைவெளி அகன்று, புது பிளேட் இன்னும் பலமாக இடிக்கும்.

ஸ்பிரிங்கையும் விடக் கூடாது. சுமந்து சுமந்து குட்டையாகிப் போயிருக்கும். நான்கையும் நிற்கவைத்தால் உயர வித்தியாசம் தெரியும். மேனுவலில் சொன்ன நீளத்துக்குக் கீழே ஒன்று போயிருந்தாலும் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தைக் கூட்டுகிற வேலை இங்கே நிறைய நடக்கிறது. லிவர் கல்லாகிவிடும், கேபிள் அறுந்துகொண்டே இருக்கும். கொண்டை ஊசி வளைவில் கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆயில் பற்றிச் சொன்னேன். லாரிகளின் தேசம் இது. நாமக்கல்லும் சங்ககிரியும் பக்கத்தில் இருக்க, லாரிக்கு மாற்றியது போக மிஞ்சிய ஆயிலை பைக்கில் ஊற்றுகிறவர்கள் உண்டு. கார் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. கார் இன்ஜின் ஆயிலில் கிளட்ச் நனைவதில்லை. அதனால் பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக அதில் வழுக்கும் பொருட்களைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். நம் வண்டியில் ஒரே ஆயில்தான் பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும். அங்கே நல்லது செய்கிற பொருள் இங்கே பிளேட்டை வழுக்க வைக்கும். ஜப்பானியர்கள் இதற்காகவே 1998-இல் ஜாசோ டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். நனைந்த கிளட்சுக்கு உராய்வு போதுமா என்று ஆயிலைச் சோதித்துத் தருகிற எழுத்து எம்ஏ. உராய்வு குறைந்த ஆயிலுக்கு எம்பி, அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. 2006-இல் எம்ஏவை எம்ஏ1, எம்ஏ2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். டீசல் லாரி ஆயில் ஊற்றியதுமே பிளேட் வழுக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எம்ஏ எழுத்து இல்லாத ஆயிலை உங்கள் கிளட்சுக்காக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அந்த அவசரக்காரரின் வண்டியில் பிளேட்டுகள் வெந்திருந்தன, கட்டைகள் பாதிக்கு மேல் மிச்சம். கேபிளில் ப்ளே இருந்தது, ஆயிலும் சரியானது. மிஞ்சியது கை. கேட்டதும் அவரே சொல்லிவிட்டார். வளைவில் வண்டி அணையாமல் இருக்கக் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஏறுகிற பழக்கம்.

மலை ஏறுகிற நிறையப் பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. வளைவுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே தேவையான கியருக்கு வந்துவிட வேண்டும். ஆள் ஏறிய ஸ்பிளெண்டருக்கு அது பெரும்பாலும் இரண்டு, பாரம் அதிகம் என்றால் ஒன்று. கியர் விழுந்ததும் லிவரை முழுசாக விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரால் மட்டும் வளைவைக் கடக்க வேண்டும். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் பின்பிரேக்கில் நிறுத்துங்கள், கிளட்சில் தொங்கவிடாதீர்கள். விரலை லிவர் மேல் ஓய்வுக்கு வைப்பதும் கூடாது. மேலிருந்து இறங்கி வருகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது போக்குவரத்து விதி. அதை மதிக்காமல் வளைவை அடைத்துக்கொண்டு இறங்கினால், ஏறி வருகிறவர் பாரத்தோடு நின்று, திரும்பக் கிளம்ப வேண்டும். அப்படி ஒவ்வொரு தடவையும் அவருடைய கிளட்ச் வேகிறது.

மாட்டுகிற வேலைக்கு வருவோம். புது உராய்வு பிளேட்டை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே போடக் கூடாது. வண்டிக்கு ஊற்றப் போகிற அதே ஆயிலில் சில மணி நேரமாவது ஊற வேண்டும். முதல் நாள் ராத்திரியே போட்டுவிட்டால் இன்னும் நல்லது. காய்ந்த பிளேட் முதல் தடவை கிளட்ச் விடும்போதே முகம் கருகிவிடும். பழைய கேஸ்கெட்டை பிளேடால் சுரண்டும்போது அலுமினியத்தில் கோடு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கேஸ்கெட் போட்டால் அனபாண்ட் வேண்டியதே இல்லை. மூடி கையில் இருக்கும்போதே கிக்கர் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கழற்றியது போலவே எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் லிவரைப் பிடித்து முதல் கியர் போட்டுப் பாருங்கள். வண்டி ஊர்ந்தால் கேபிள் அதிகம் தளர்ந்திருக்கிறது.

அந்த வண்டிக்காரர் அன்று சாயங்காலம் மேலே போகவில்லை. பிளேட் ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறியது, மறுநாள் காலையில் மாட்டினார்கள். முதல் ஒரு வாரம் பாரம் ஏற்றாமல் கீழேயே ஓட்டச் சொன்னார் மெக்கானிக். புது பிளேட் படிந்து உட்காரும்போது ப்ளே கொஞ்சம் குறையும். வாரம் முடிந்ததும் லிவர் முனையில் அளந்து, குறைந்திருந்தால் கேபிளைத் தளர்த்திக்கொண்டு மலைக்குப் போகலாம்.

(அடுத்த வாரம்: சைலன்ஸரில் வெள்ளைப் புகை)